இன்றைக்கு யாரைத் திட்டுவார்?

டிசம்பரில் ஒரு ராத்திரி. நியூஜெர்சியின் எடிசனில் வெளியே நல்ல குளிர். நானும் என் அக்கா மகனும் டிவி முன்னால் உட்கார்ந்து அமெரிக்க அதிபர் ட்ரம்பின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். விசாவைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான் என்னை உட்கார வைத்திருந்தது. 2025 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, புதிய எச்-1பி விசா மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அவர் கையெழுத்துப் போட்டார். விடுப்பில் ஊருக்குப் போயிருந்தவர்கள் அன்றிரவே விமான நிலையத்துக்கு ஓடினார்கள். அன்றிலிருந்து இவர் வாயைத் திறந்தாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

அக்கா மகனும் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தான். மாஸ்டர்ஸ் படிக்க வந்தவன், அவனுக்கும் அதே கவலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதிபர் நடுவில் ஒரு மாநில ஆளுநரின் பெயரைச் சொல்லி, அதோடு மட்டமான ஒரு வசவையும் சேர்த்தார். நான் முகத்தைச் சுளித்தேன். இவன் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தான்.

"வந்துருச்சு மாமா! சொல்லிட்டாரு!"

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். இந்த மாதம் அதிபர் யாரையெல்லாம் பொதுவெளியில் அவமதிப்பார் என்று ஒரு கேள்வி. கீழே வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'ஆமாம்' ஒரு விலை, 'இல்லை' ஒரு விலை. ஆளுநர் பெயருக்கு 62 சென்ட் வீதம் 40 வாங்கி வைத்திருந்தானாம். ஒவ்வொன்றும் 1 டாலராகிவிட்டது. 15 டாலர் லாபம்.

பதினைந்து டாலர் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவன் முகத்தில் இருந்த சந்தோஷம்தான் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு மனிதரை நாடே பார்க்க நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறார், என் வீட்டுப் பிள்ளை கைதட்டுகிறான். கெட்ட பிள்ளை இல்லை அவன். ஆறு மாதத்துக்கு முன்னால் இதே பேச்சைக் கேட்டிருந்தால், "என்ன மாமா இப்படிப் பேசுறாரு" என்றுதான் சொல்லியிருப்பான்.

"இது சூதாட்டம் இல்ல மாமா, டிரேடிங்" என்றான். அவன் படிப்பே புள்ளிவிவரம்தான், அதனால் விளக்கவும் தெரிந்திருந்தது. நடக்கும் என்று நினைப்பவன் 'ஆமாம்' வாங்குகிறான், நடக்காது என்பவன் 'இல்லை' வாங்குகிறான். இரண்டு விலையும் சேர்ந்தால் ஏறக்குறைய 1 டாலர். 62 சென்ட் என்றால் நடப்பதற்கு நூற்றுக்கு 62 வாய்ப்பு என்று சந்தை கணிக்கிறது. நடந்துவிட்டால் 'ஆமாம்' 1 டாலர், 'இல்லை' சுழியம். இதற்குக் கணிப்புச் சந்தை என்று பெயர்.

இந்த ஏற்பாடு நல்ல இடத்தில்தான் தொடங்கியது. 1988-ல் அயோவா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள், அதிபர் தேர்தல் முடிவைக் கருத்துக்கணிப்பைவிடச் சரியாகச் சொல்ல முடியுமா என்று பார்க்க, சின்னத் தொகைகளில் ஒரு சந்தை நடத்தினார்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அதிபர் யார் என்பது ஊருக்கே பொதுவான சேதி. ஆனால் 2018-ல் ஆரம்பித்த கால்ஷி, 2020-ல் ஆரம்பித்த பாலிமார்க்கெட் என்ற இரண்டு நிறுவனங்களும் தேர்தலோடு நிற்கவில்லை. கால்ஷி என்றால் அரபியில் 'எல்லாம்' என்று அர்த்தம். அந்தப் பெயருக்கு ஏற்றபடியே எல்லாவற்றுக்கும் விலை வைத்துவிட்டார்கள். அதிபர் இன்றைய பேச்சில் எந்தச் சொல்லைச் சொல்வார், எத்தனை முறை சொல்வார் என்பதற்குத் தனிச் சந்தை. அங்கிருந்து யாரைத் திட்டுவார் என்பதற்கு எத்தனை தூரம்?

அந்தச் சொற்பந்தயத்தின் விதிகளைப் படித்துப் பார்த்தேன். ஒரு சொல்லின் பன்மை வடிவம் செல்லும், உடைமை வடிவமும் செல்லும், கூட்டுச்சொல்லாக வந்தால் செல்லும், வேறு வடிவம் செல்லாது. 'ஜாய்' என்ற சொல்லுக்குப் பந்தயம் கட்டியிருந்தால் 'கில்ஜாய்' செல்லுபடியாகும், 'ஜாய்ஃபுல்' செல்லாது என்று எடுத்துக்காட்டே கொடுத்திருக்கிறார்கள். எந்தச் சூழலில், யாரைக் குறித்து, எந்தத் தொனியில் சொன்னார் என்பது கணக்கில் வராது. பேச்சிலிருந்து அர்த்தத்தை உருவி எடுத்துவிட்டு ஒலியை மட்டும் எடைபோடுகிற வேலை இது. ஒரு வசவில் பொருளும் தொனியும் அதை வாங்கிக்கொள்கிற ஆளும் போய்விட்டால் மிச்சம் என்ன? வெறும் விலைதான்.

அதிபரின் வாய் புதிதாகக் கெட்டதில்லை. 2015 நவம்பரில் தென் கரோலினா கூட்டத்தில், கை ஊனமுற்ற ஒரு செய்தியாளரைப் பற்றிப் பேசும்போது தன் கைகளை மடக்கி ஆட்டிக் காட்டினார். அவரைக் கிண்டல் செய்யவில்லை என்று பிறகு மறுத்தார். போட்டியிட்ட பலருக்கும் பட்டப்பெயர் வைத்தார். 2016 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ், அவர் ட்விட்டரில் திட்டிய ஆட்களையும் ஊர்களையும் நிறுவனங்களையும் பட்டியலாக்கி இரண்டு முழுப் பக்கம் அச்சிட்டது. அந்தத் தாளை அப்போது அலுவலகத்தில் ஒருவர் மேசை மேல் விரித்து வைத்திருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். அன்றும் வசவுகளை எண்ணினார்கள்தான். இப்படி ஒருவர் அதிபராக வரலாமா என்று நாட்டைக் கேட்பதற்காக எண்ணினார்கள். பத்து வருஷம் கழித்து அதே எண்ணிக்கை பணத்துக்காக நடக்கிறது.

2025 நவம்பர் 14-ஆம் தேதி, அதிபரின் விமானத்தில், கேள்வி கேட்ட ஒரு பெண் செய்தியாளரை விரலை நீட்டி, பன்றிக்குட்டி என்று அழைத்து வாயை மூடச் சொன்னார். அதே மாதக் கடைசியில், நன்றி நவிலல் திருநாளன்று, மின்னசோட்டா ஆளுநர் டிம் வால்ஸை மனவளர்ச்சி குன்றியவர்களை இழிவாகச் சொல்லும் ஒரு சொல்லால் திட்டி எழுதினார். அதற்குப் பிறகு தன் வீட்டு வாசல் வழியாகக் காரில் போகிறவர்கள் அந்தச் சொல்லைக் கூவிக்கொண்டு போகிறார்கள் என்று வால்ஸே சொன்னார். அவர் மகனுக்குக் கற்றல் குறைபாடு உண்டு என்பது அந்தக் குடும்பமே வெளிப்படையாகப் பேசிய விஷயம். சொல் எழுதப்பட்ட இடத்திலேயே நின்றுவிடவில்லை, ஒரு வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. அந்தக் கூவலுக்குச் சந்தையில் விலை கிடையாது. அது அந்த வீட்டுக்காரர்கள் கொடுக்கிற விலை.

எங்களைப் போன்ற குடியேறிகள் பக்கமும் வருகிறேன். டிசம்பர் 2-ஆம் தேதி அமைச்சரவைக் கூட்டத்தில், காமிரா ஓடிக்கொண்டிருக்க, அதிபர் சோமாலியக் குடியேறிகளைக் குப்பை என்றார். என் அலுவலகத்தில் சோமாலியாவில் பிறந்த ஒரு பெண்மணி இருக்கிறார். கணக்குப் பிரிவில் இருபது வருஷம். மறுநாள் வழக்கம்போலத்தான் வந்தார். மதியம் எல்லோரோடும் உட்காருகிறவர், அன்றைக்குத் தன் மேசையிலேயே சாப்பிட்டார். நான் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன கேட்பது என்று தெரியாமல் கடந்து போனேன். அதை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன். நாங்களும் நிறம் கறுத்தவர்கள், வெளியிலிருந்து வந்தவர்கள். நாளைக்கு அந்தப் பட்டியலில் எங்கள் பெயர் வர எத்தனை நாளாகும்? வந்தால் அதற்கும் ஒரு விலை இருக்கும். யாரோ ஒருவர் பெற்ற பிள்ளை எங்கோ சோபாவிலிருந்து துள்ளி எழுவான்.

அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது, "நான் வாங்கினாலும் வாங்காட்டியும் அவரு திட்டத்தான் போறாரு மாமா. நான் கட்டின காசாலயா திட்டுறாரு?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். நாலைந்து நாள் அதையே யோசித்தேன்.

முதலில், அது முழு உண்மை இல்லை. 2025 அக்டோபர் 30-ஆம் தேதி காயின்பேஸ் நிறுவனத்தின் தலைவர் பிரையன் ஆம்ஸ்ட்ராங், காலாண்டுக் கணக்கு பற்றிய உரையாடலின் முடிவில், தங்கள் பேச்சில் எந்தெந்தச் சொற்கள் வரும் என்று பந்தயம் ஓடுவதைக் கவனித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த சொற்களை வரிசையாக ஒப்பித்துவிட்டுப் போனார். கிரிப்டோ நிறுவனத் தலைவர் ஐந்து சொல் ஒப்பித்ததால் யாருக்கும் ரத்தம் வரவில்லை. ஆனால் சந்தையைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர் பேச்சை மாற்ற முடியும் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதிபரின் உரையை எழுதிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், முன்கூட்டிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2026 ஜனவரியில் வெனிசுவேலாவின் மதுரோவை அமெரிக்கப் படை பிடித்துக்கொண்டு போவதற்குச் சற்று முன்னால், அவர் பதவியிழப்பார் என்று பந்தயம் கட்டிய ஒரு கணக்கு 4 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தது. யாருடைய கணக்கு என்று ஊரே கேட்டது. படை நடவடிக்கைக்கே இப்படியென்றால், ஒரு வசவு எந்த மூலைக்கு?

இதைவிட என் வயிற்றெரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. அதிபரின் மூத்த மகன் 2025 ஜனவரியில் கால்ஷிக்கு ஆலோசகரானார். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் பங்குதாரராக இருக்கும் 1789 கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம், பாலிமார்க்கெட்டில் பணம் போட்டது. அங்கேயும் ஆலோசனைக் குழுவில் இடம். அக்டோபரில் அதிபரின் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உள்ள ட்ரம்ப் மீடியா நிறுவனம், தங்கள் ட்ரூத் சோஷியல் தளத்திலேயே கணிப்புச் சந்தை வைக்கப்போவதாக அறிவித்தது. வால்ஸைத் திட்டி எழுதியது அந்தத் தளத்தில்தான். திட்டுகிற வாய் இருக்கிற இடத்திலேயே பந்தயக் கடையும். நம் ஊரில் சேவற்கட்டு நடத்துகிறவன்கூடச் சேவலை வேறு ஆளிடம்தான் கொடுப்பான்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டியது சரக்கு முன்பேர வணிகத்துக்கான மத்திய ஆணையம். கோதுமை, சோளம், பருத்தி போன்றவற்றின் முன்பேர வணிகத்தை ஒழுங்குபடுத்த வந்த சட்டத்தின் வழியில் பிறந்தது. போர், பயங்கரவாதம், படுகொலை, சூதாட்டம் முதலியவற்றைப் பற்றிய ஒப்பந்தங்கள் பொதுநலனுக்கு எதிரானவை என்றால் அதைத் தடுக்க அந்த ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. 2022-ல் பதிவு இல்லாமல் கடை நடத்தியதற்காகப் பாலிமார்க்கெட்டுக்கு 14 லட்சம் டாலர் அபராதமும் போட்டது. 2025-ல் அந்த நிறுவனம் உரிமம் உள்ள ஒரு சந்தையை 11.2 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. ஐந்து பேர் உட்கார வேண்டிய ஆணையத்தில் அந்த ஆண்டுக் கடைசியில் ஒருவர்தான் இருந்தார்.

நியூஜெர்சியில் விளையாட்டுப் பந்தயம் கட்ட 21 வயது ஆகவேண்டும். கணிப்புச் சந்தைக்கு 18 போதும். மாநில அரசு நிறுத்தச் சொன்னது, கால்ஷி நீதிமன்றம் போய்த் தடை வாங்கிவிட்டது.

அக்கா மகனின் வாதத்தில் இன்னொன்றும் இருந்தது. விவசாயி அறுவடைக்கு முன்பே விலையை உறுதி செய்துகொள்வதுபோலத்தான் இதுவும் என்றான். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. சிகாகோவில் 1848-லிருந்து தானியச் சந்தை நடக்கிறது. விலை விழுந்தால் விவசாயி தலையில் துண்டு போட்டுக்கொள்ள வேண்டியதில்லை, ஏறினால் மாவு ஆலைக்காரன் கடையை மூட வேண்டியதில்லை. இருவர் தலையிலும் இருக்கிற கவலையை மூன்றாவது ஆள் காசுக்கு வாங்கிக்கொள்கிறான். அதிபர் ஒரு ஆளுநரைத் திட்டுவதில் யாருடைய அறுவடை இருக்கிறது? நஷ்டம் என்று ஒன்று இருந்தால் அது திட்டு வாங்குகிறவருக்கு மட்டும்தான். பன்றிக்குட்டி என்று திட்டு வாங்கிய அந்தப் பெண் செய்தியாளர் விமானம் ஏறுவதற்கு முன்னால் தன் பெயருக்கு நேரே 'ஆமாம்' வாங்கி வைத்துக்கொண்டு, நாலு பேர் முன்னால் பட்ட அவமானத்துக்கு ஈடாக நாற்பது சென்ட் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறாயா என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை.

உக்ரைன் அதிபர் செலென்ஸ்கியின் விவகாரத்தைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன். 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி வெள்ளை மாளிகையில் அவரை உட்காரவைத்துக்கொண்டு, ஏன் சூட் போடவில்லை, உங்களிடம் சூட் இருக்கிறதா என்று ஒரு செய்தியாளர் கேட்டார். ஊர் தீப்பற்றி எரிகிற ஒரு மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது? சில மாதத்தில் அந்த அவமானமே பாலிமார்க்கெட்டில் சரக்காகிவிட்டது. ஜூலை பிறப்பதற்குள் செலென்ஸ்கி சூட் போடுவாரா? 20 கோடி டாலருக்கு மேல் கைமாறியது. ஜூன் மாதம் தி ஹேக் நகரில் நேட்டோ மாநாட்டுக்குக் கறுப்புக் கோட்டும் கால்சட்டையுமாக வந்தார். பல செய்தி நிறுவனங்கள் சூட் என்றே எழுதின. அது சூட்டா இல்லையா என்று சண்டை. கடைசியில், இப்படிப்பட்ட தகராறுகளைத் தீர்க்கும் கிரிப்டோ டோக்கன் வைத்திருக்கிறவர்கள் வாக்குப் போட்டு 'இல்லை' என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்த வாரங்களிலும் கீவ் நகரத்தின் மேல் குண்டு விழுந்துகொண்டுதான் இருந்தது. பணம் கட்டியவர்கள் கண் முழுக்க அந்தக் கோட்டின் காலர் மேல்.

'நான் கட்டின காசாலயா திட்டுறாரு' என்ற அவன் கேள்விக்கு என் பதில் புதுக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் ஊரில் இருக்கிறது. அதை அவனிடம் அதுவரை நான் சொன்னதில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஊரில் ஒரு பெரிய மனிதர், நிலபுலன் உள்ளவர். காலையில் டீக்கடைக்கு வருவார், யாரையாவது நாலு திட்டுத் திட்டிவிட்டுத்தான் போவார். அவருக்கு எதிர்ப்பேச்சுப் பேச ஊரில் ஆள் கிடையாது. பையன்கள் நாங்கள் நாலைந்து பேர் புளியமரத்தடியில் உட்கார்ந்து, இன்றைக்கு யாரைத் திட்டுவார் என்று பந்தயம் கட்டுவோம். ஜெயித்தவனுக்கு ஒரு பருப்புவடை. ஒருநாள் என் கூட்டாளி ஒருவன் தையல்காரர் என்றான். ஊரில் தையல்காரர் ஒருவர்தான், என் அப்பா. நான் வேறு பெயர் சொன்னேன். அப்பா அன்றைக்குத் தைத்த கூலி கேட்கப் போயிருந்தார். அந்த மனிதர் அப்பாவைச் சாதியைச் சொல்லி, அம்மாவைச் சொல்லி, டீக்கடையில் இருந்த எல்லோரும் கேட்கத் திட்டினார். அப்பா கூனிக் குறுகி நின்றார். புளியமரத்தடியில் கூட்டாளி 'ஏய்' என்று கத்தினான், என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். ஆனாலும் வடையை வாங்கித் தின்றான். பந்தயத்தில் தோற்ற நானும் அதற்கு என் பங்குக் காசைக் கொடுத்தேன்.

அந்தப் பெரிய மனிதர் எங்கள் பந்தயத்துக்காக அப்பாவைத் திட்டவில்லை. நாங்கள் மரத்தடியில் இல்லாவிட்டாலும் திட்டியிருப்பார். ஆனால் அங்கே நாங்கள் இத்தனை பேர் இருந்தும் அப்பாவுக்காக ஒரு ஆள்கூட இல்லை. எல்லோரும் பந்தயக்காரர்களாக இருந்தோம். அதற்கு முந்தின நாள்வரை திட்டு வாங்கியவர்கள் எல்லாம் வேறு யாரோ வீட்டு அப்பாக்கள். அவர்களுக்காக நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அந்தத் தையல்காரர் இவனுடைய தாத்தா. முழுவதையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அது வேற மாமா" என்றான். சாப்பிடக் கூப்பிட்ட அத்தைக்கு "வரேன்" என்று எழுந்து போனான்.

அவனை மட்டும் குறைசொல்லிப் பயன் இல்லை. கோயம்புத்தூரில் படிக்கும்போதே, கிரிக்கெட்டுக்கு ஆமாம்-இல்லை என்று பத்து ரூபாய் கட்டுகிற ஆப் அவனிடம் இருந்ததாம். 2025 ஆகஸ்டில் இந்திய மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைச் சட்டம் போட்டுத் தடுத்த பிறகு அப்படிப்பட்டவை அங்கே கடையைச் சாத்தின. இங்கே வந்தால் சாலையோர விளம்பரப் பலகையில் கூப்பிடுகிறார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சிஎன்என் கால்ஷியோடு கைகோத்தது. அதிபர் ஒரு பெண்ணைப் பன்றிக்குட்டி என்று சொன்னால் இது தகுமா என்று கேட்க வேண்டிய தொலைக்காட்சிகளே பந்தயக்கடையோடு கூட்டுச் சேர்ந்தால், இருபத்து மூன்று வயதுப் பையன் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வான்?

அடிப்பதைத் தடுக்க முடியாது என்பது வேறு, அடி விழ வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொள்வது வேறு. பணம் கட்டிய நிமிடத்திலிருந்து அவன் அதைத்தான் வேண்டிக்கொள்கிறான். மாதக் கடைசி நெருங்க நெருங்க, இன்னும் திட்டவில்லையே என்று அவன் தவித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

ஊரில் இருக்கிற அக்காவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் போகிறேன். பிள்ளையை இங்கே படிக்க அனுப்பியிருக்கிற மற்ற அம்மா அப்பாக்களுக்கும் சொல்கிறேன். வாரம் ஒருமுறை வீடியோவில் பேசும்போது சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்று கேட்பீர்கள். அதோடு, போனில் எதற்குப் பணம் கட்டுகிறாய் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். யார் யார் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.